கோட்டைக்குள் இரவு தங்க வேண்டாம்

டிசம்பர் தொடங்கியதும் திருவனந்தபுரத்துச் சுற்றுலா விளம்பரங்களில் ராஜஸ்தான் தலைகாட்டும். குளிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லாத ஊர் இது. ஜனவரி இரவில் ஏழெட்டு டிகிரிக்கு இறங்கி, பகலில் இதமான வெயில் அடிக்கும் ஜெய்சல்மேர் இங்குள்ளவர்களை இழுப்பதில் வியப்பில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான்கைந்து நாளை ஒதுக்கி, ஜோத்பூர் வரை போய்ச் சேர்ந்து, அங்கிருந்து மேற்கே இன்னும் 280 கிலோமீட்டர் போலப் பயணம் செய்து, தார்ப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பயணத் திட்டம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு நாள் கோட்டையும் ஹவேலி மாளிகைகளும். இன்னொரு நாள் சாம் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரியும் கூடாரத்தில் இரவும். அந்தப் பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் பார்க்க வேண்டிய ஊர் அது. ஆனால், அங்கே இரவு எங்கே தங்குகிறோம் என்பது நம் பணத்தையும் வசதியையும் மட்டும் பொறுத்த காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இயங்கும் விடுதிகளில் நாம் தங்கக் கூடாது என்பது என் கருத்து. காரணம் தண்ணீர். பாலைவனமாயிற்றே, தண்ணீருக்குத் தட்டுப்பாடு இருக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். கோட்டையின் சிக்கல் நேர்மாறானது: தாங்கக்கூடிய அளவுக்கு மேல் அதற்குள் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

ராவல் ஜெய்சல் 1156இல் திரிகூட மலைமேல் எழுப்பிய கோட்டை இது. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 76 மீட்டர் உயரம். 460 மீட்டர் நீளம், 230 மீட்டர் அகலம். விளிம்பு நெடுக 99 கொத்தளங்கள். நாட்டின் பெரும்பாலான கோட்டைகள் ஆளற்றுப்போய், தொல்லியல் துறையின் டிக்கெட் கவுண்டரோடு நிற்கின்றன. இங்கேயோ எட்டரை நூற்றாண்டு தாண்டியும் ஆயிரக்கணக்கானோர் உள்ளேயே குடியிருக்கிறார்கள். சமணக் கோயில்களில் பூசை நடக்கிறது, சந்துகளில் மாடு நிற்கிறது, வாசலில் துணி காய்கிறது. அதன் அருமை அப்படி. அதன் பலவீனம் கட்டுமானத்தில் இருக்கிறது. மஞ்சள் மணற்கல்லைச் செதுக்கி, ஒன்றோடொன்று கோத்து, பெரும்பாலும் சாந்தில்லாமல் அடுக்கிய சுவர்கள் அவை. அடியில் இருப்பதும் உறுதியான கரும்பாறை கிடையாது. களிமண் அடுக்குகள் இடையிட்ட படிவுப் பாறை. நனைந்தால் களிமண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர்கூடத் தேறாத மழைக்கு அந்தக் கட்டுமானம் போதுமானது. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குப் பெய்வது ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். இங்கே இடவப்பாதி வலுத்துப் பிடித்தால் ஒரு வாரத்தில் கொட்டித் தீர்க்கும் மழையை வைத்துக்கொண்டு அவர்கள் ஓராண்டைக் கடத்தினார்கள். சுவர்களையும் அந்தக் கணக்கில்தான் எழுப்பினார்கள்.

பல நூற்றாண்டுகள் அந்த மேட்டுக்குத் தண்ணீர் பெரும்பாலும் குடத்தில்தான் ஏறியது. 14ஆம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி சிங் வெட்டிய கடிசர் ஏரியில் தேங்கும் மழைநீரே 1960கள் வரை நகரத்தின் முக்கியமான குடிநீர். பெண்கள் தலையில் சுமந்து கோட்டை வாசல்களைக் கடந்து மேலே கொண்டுவந்தார்கள். அப்படி வந்த நீரை எவரும் தாராளமாகக் கவிழ்த்துவிட முடியாது. மிஞ்சியது தெருவோரக் கல் சாக்கடையில் வழிந்து, பாதி வெயிலிலேயே காய்ந்துவிடும். பிறகு குழாய் வந்தது. பஞ்சாபின் ஹரிகே அணையில் தொடங்கி 649 கிலோமீட்டர் ஓடிவரும் இந்திரா காந்தி கால்வாய் 1980களில் ஜெய்சல்மேர் மாவட்டத்தை எட்டியது. அதே காலகட்டத்தில் சுற்றுலாவும் பெருகியது. கோட்டைக்குள்ளிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாயின. ஒரு கூட்டுக் குடும்பமே சில குடத் தண்ணீரில் வாழ்ந்த கட்டடத்தில் அறைக்கு ஒரு பாத்ரூம், ஃபிளஷ், ஷவர், கீஸர் என்று வைத்தார்கள். ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நின்றால் அறுபது எழுபது லிட்டருக்குக் குறையாது. ஃபிளஷை ஒருமுறை அழுத்தினால் ஆறேழு லிட்டர். குளிர்ந்த காலையில் வெந்நீர் வரட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருப்பதில் போகிற நீர் தனி. தலைச்சுமைக் காலத்துக் கணக்கில், ஒரே ஒரு விருந்தாளியின் ஒரு குளியல் பல நடைச் சுமை. அறைகள் நிரம்பி வழியும் டிசம்பர் கடைசி வாரத்தில் இது எத்தனை மடங்காகும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அந்த நீர் போன இடம்தான் கோட்டையைச் சாய்க்கிறது. கசியும் குழாய்களிலிருந்தும் அடைத்துக்கொண்ட வடிகால்களிலிருந்தும் அது களிமண் அடுக்குக்குள் இறங்குகிறது. 1998இல் வெளிச்சுவரின் ஒரு பகுதி சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். 2000, 2001 ஆண்டுகளில் கொத்தளங்களும் விழுந்தன. ராணி மஹாலின் ஒரு பகுதி இடிந்து, பிறகு பெருமுயற்சியில் சீரமைக்கப்பட்டது. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலக நினைவுச் சின்னங்கள் நிதியம், அழியும் அபாயத்திலுள்ள இடங்களின் பட்டியலில் 1996, 1998, 2000 என்று மூன்று முறை இந்தக் கோட்டையைச் சேர்த்தது. பெருகும் மக்கள்தொகையையும் சுற்றுலாக் கூட்டத்தையுமே அது அபாயமாகச் சுட்டியது. 2013இல் ராஜஸ்தானின் மற்ற மலைக்கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கூட்டம் இன்னும் கூடியது. 2024 ஆகஸ்ட் மழையில் மறுபடியும் சுவரின் ஒரு பகுதி விழுந்தது. மழையைக் குற்றம் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால், ஆண்டு முழுக்க உள்ளே ஈரம் ஊறிக் கிடக்கும் சுவருக்கு ஒரு பெருமழை கடைசி உந்துதல் மட்டுமே.

இதைப் புரிந்துகொள்ளத் திருவனந்தபுரத்துப் பழவங்காடிக்காரர்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ஊருக்குள் தண்ணீர் வருவது ஒரு காரியம், அது வெளியேறுவது வேறொரு காரியம் என்பதைச் சொந்த அனுபவத்தில் கற்றவர்கள் அவர்கள். அரைமணி நேரம் விடாமல் பெய்தால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பிள்ளையார் கோயில் வாசல் வரை முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பது இந்த நகரத்தின் பழைய துயரம். கடைக்காரர்கள் ஷட்டருக்கு அடியில் சாக்கைத் திணித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் மாவட்ட நிர்வாகம் இறங்கி, ஆக்கிரமிப்புகளை அகற்றி, மண் மூடிக் கிடந்த வடிகால்களைத் தோண்டித் திறந்தபோதுதான், எத்தனை நீர்வழிகள் கட்டடங்களுக்கு அடியில் மறைந்துபோயிருந்தன என்பது பலருக்குத் தெரியவந்தது. 2024 ஜூலையில் ஆமயிழஞ்சான் தோடு என்னும் ஓடையில், ரயில் நிலையத்துக்கு அடியில் செல்லும் பகுதியைச் சுத்தம் செய்ய இறங்கிய தற்காலிகத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மூன்றாம் நாள் சடலமாகக் கிடைத்தார். வருகிற தண்ணீரை எண்ணி, போகிற தண்ணீரை எண்ணாமல் விட்டதற்கு விலையாகப் போனது ஓர் ஏழைத் தொழிலாளியின் உயிர். ஜெய்சல்மேரில் கால்வாய் வந்துவிட்டதே, இனித் தண்ணீருக்கு என்ன குறை என்று பேசுகிறவர்களுக்குச் சொல்லக்கூடிய பதில் இந்தத் தோட்டிலேயே இருக்கிறது. 

அப்படியானால் வடிகாலைச் சரிசெய்யட்டும், பயணியை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், பாதியளவுக்கு நானும் ஒப்புக்கொள்கிறேன். கோட்டைக்குள் வாழும் குடும்பங்களுக்கு நல்ல கழிப்பறையும் குழாய் நீரும் பெற எல்லா உரிமையும் உண்டு. பாரம்பரியத்தின் பெயரால் அவர்களைப் பழையபடி குடம் சுமக்கச் சொல்ல யாருக்கும் தகுதியில்லை. அரசும் தொண்டு அமைப்புகளும் வடிகால்களையும் தெருத்தளங்களையும் புதுப்பிக்கும் வேலையைப் பல முறை செய்திருக்கின்றன. ஆனால், எந்தக் குழாயும் என்றென்றைக்கும் கசியாமல் இருப்பதில்லை. கெட்டியான தரைமேல் கசிந்தால் ஈரம், களிமண் கலந்த மலைமேல் கசிந்தால் சரிவு. வடிகால் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அது தாங்கும் பாரத்துக்கு ஓர் எல்லை இருக்கும். அந்த எல்லைக்குள் யாருக்கு முதலிடம் என்பதே கேள்வி. தலைமுறைகளாக அங்கே வாழ்கிற குடும்பத்தின் தேவையும், நகரில் வேறு எங்கும் தங்க முடிந்த நம் விருப்பமும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. குடியிருப்பவரால் வெளியேற முடியாது. நம்மால் முடியும். பழுதுபார்க்கும் வேலை பல ஆண்டு இழுக்கும். நாம் கீழே அறை எடுப்பதென்றால் அடுத்த வாரமே முடிகிற காரியம்.

பிழைப்பு பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. கோட்டைக்குள் விடுதி நடத்துகிறவர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. பெரும்பாலும் சொந்த வீட்டின் நாலைந்து அறைகளை வாடகைக்கு விடும் குடும்பங்கள். அவர்களின் அடுப்பில் ஏன் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால் லேசாகப் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால், பழவங்காடியிலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் எட்டிவிடும் கோவளத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்விக்கு வரலாம். 1970களில் வெளிநாட்டு இளைஞர்கள் தேடிவந்த மீனவக் கடற்கரை. சார்லஸ் கொரியா வடிவமைத்த அரசு ஹோட்டல் எழுந்த இடம். அதன்பின் கரையை ஒட்டி அடுக்கடுக்காக விடுதிகள் முளைத்தன, கழிவுநீருக்கும் குப்பைக்கும் ஒழுங்கான ஏற்பாடு இல்லாமலே. குப்பை எரிப்பு ஆலை ஒன்று வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது ‘தணல்’ அமைப்பு எதிர்த்து நின்று, குப்பையே சேராத கோவளம் என்ற திட்டத்தை முன்வைத்தது. அதற்குள் அமைதி தேடி வருகிறவர்கள் பலர் வர்க்கலைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கோவளத்துக் கடைக்காரரின் பிழைப்பைக் கெடுத்தது கட்டுப்பாடு கிடையாது. கட்டுப்பாடே இல்லாமல் விட்டதுதான். ஜெய்சல்மேரில் இழப்பு இன்னும் பெரிது. கடற்கரையில் விடுதி காலியானால் வருமானம் போகும். மலைக்கோட்டையில் சுவர் சரிந்தால் அதற்கு அடியில் இருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்களே. 1998 அதைக் காட்டிவிட்டது. மேலும், கோட்டைக்குள் தங்க வேண்டாம் என்பது அங்கே பணம் செலவழிக்க வேண்டாம் என்பதாகாது. பகல் முழுக்கச் சுற்றுங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், துணியும் வெள்ளிச் சாமானும் வாங்குங்கள், உள்ளூர் வழிகாட்டிக்கு முழுக் கூலி கொடுங்கள். அந்தி வெயிலில் மஞ்சள் கல் பொன்னாக மாறும் காட்சிக்காகத்தான் எல்லோரும் வருகிறார்கள். அதைக் கோட்டைக்குள் இருந்து பார்க்க முடியாது. கீழ் நகரத்து மொட்டைமாடியில் நிற்பவருக்குத்தான் அது வாய்க்கும்.

நான் ஒருத்தன் ஒரு ராத்திரி தங்குவதால் என்ன ஆகிவிடப் போகிறது என்பது அடுத்த பேச்சு. ஜெய்சல்மேரின் சுற்றுலா வரலாறே இதற்கு மறுப்பு. சத்யஜித் ராய் தம்முடைய துப்பறியும் நாவலை 1974இல் ‘சோனார் கேல்லா’ என்ற படமாக எடுத்தார். குழந்தைகளுக்கான படம். அதைப் பார்த்த வங்காளக் குடும்பங்கள் அந்தப் பொற்கோட்டையை நேரில் காணக் கிளம்பின. ஒரு தலைமுறை கழித்து அவர்களின் பிள்ளைகளும் கிளம்பினார்கள். இன்றும் பூஜை விடுமுறையிலும் குளிர்காலத்திலும் அந்தச் சந்துகளில் வங்காளம் ஒலிக்கிறது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரே ஒருமுறை போனார்கள், அவ்வளவுதான். எல்லை ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஊர் பெரிய சுற்றுலா நகரமாக வளர அதுவும் ஒரு காரணமாயிற்று. தேவை எங்கே இருக்கிறதோ அங்கே அறை முளைக்கும். கோட்டைக்குள் அறை கேட்பவர் இருக்கும்வரை அங்கே இன்னொரு பாத்ரூமுக்குச் சுவர் குடையப்படும். கேட்பவர் குறைந்தால் குடைவதும் குறையும். 

கோட்டையை விட்டுவிட்டுச் சாம் மணல்மேட்டுக் கூடாரத்துக்குப் போய்விட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் மேற்கே உள்ள சாம், 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பாலைவனத் தேசியப் பூங்காவை ஒட்டிய இடம். இயற்கைச் சூழலில் ஏறத்தாழ 150 மட்டுமே எஞ்சியிருக்கும் கானமயிலுக்கு இதுவே கடைசிப் பெரும் புகலிடம். தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் திரிந்து, இன்று அடியோடு அற்றுப்போன பறவை அது. மின்கம்பிகளில் மோதிச் சாவதைத் தடுக்க 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நிலத்தின் விளிம்பில் நள்ளிரவு வரை ஒலிபெருக்கி, விளக்கு வெளிச்சம், மணலில் சீறும் ஜீப்புகள், டேங்கர் லாரியில் வரும் தண்ணீர். மங்கணியார் கலைஞர்களின் கமாய்ச்சா இசை நம் நாதஸ்வரத்தைப் போலத் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குள் கைமாறி வந்த கலை. அது சினிமாப் பாட்டு நடனங்களுக்கு நடுவே பத்து நிமிடம் வந்து போகிறது. அந்தக் கலைஞர்களை நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டுமென்றால் நகரத்திலேயே வாய்ப்பு உண்டு. மணல்மேட்டில் மாலை வரை இருந்துவிட்டு இரவு நகருக்குத் திரும்புவதில் இழப்பு ஒன்றும் இல்லை.

வெறும் மணல் பார்ப்பதுதான் ஆசை என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. நாகர்கோவில் வழியாகப் போனால் அரை நாளில் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு வந்துவிடும். செக்கச்செவேல் என்ற அந்த மணலுக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் சுனை நீர் நிற்பதையும் காணலாம். ஜெய்சல்மேருக்குத்தான் போவது என்றால், மணலைவிடப் பெரிய ஒன்று அங்கே காத்திருக்கிறது. ‘காதீன்’ என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் வயல்கள். பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வளர்த்தெடுத்த முறை அது. கற்பாங்கான மேட்டில் விழும் மழை வழிந்தோடி வரும் சரிவின் அடியில் நீண்ட மண்கரை போடுவார்கள். நீர் தேங்கி, மண்ணில் மெல்ல இறங்கும். மழைக்காலம் முடிந்து தரை தெரிந்ததும் அந்த ஈரத்தை நம்பியே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். கிணறோ கால்வாயோ வேண்டாம். நாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போகும் அதே டிசம்பர், ஜனவரியில் அந்தப் பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். எல்லோரையும் கூட்டிப்போகும் குல்தாரா, பாலிவால்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்டுப்போன ஊர்களில் ஒன்று. பேய் ஊர் என்று சொல்லி அதை விற்கிறார்கள். இருநூறு மில்லிமீட்டருக்கும் குறைந்த மழையில் கோதுமை விளைவித்த மக்களின் ஊருக்குப் போய், பேய்க்கதை மட்டும் கேட்டுத் திரும்புவது எவ்வளவு பெரிய நஷ்டம்! காந்தியவாதி அனுபம் மிஸ்ரா ராஜஸ்தானின் நீர்மரபைப் பற்றி 1990களில் எழுதிய இந்தி நூல்கள் நாடெங்கும் பரவின. பயணத்துக்கு முன் அவற்றைப் பற்றி விசாரித்துப் படித்துவிட்டுப் போகிறவருக்கு அந்த ஊரின் குளமும் கிணறும் கரையும் கண்ணில் படும்.

வருகிறவர்களை யார் கட்டுப்படுத்த முடியும் என்று இன்னும் கேட்பவர்களுக்கு நீலகிரியும் கொடைக்கானலும் பதில். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அங்கே இ-பாஸ் கட்டாயமானது; 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அவர்களின் கவலையில் நியாயமும் உண்டு. ஆனாலும், ஒரு மலை தாங்கக்கூடிய கூட்டத்துக்குக் கணக்கு போடலாம், போட வேண்டும் என்பது நம் ஊரிலேயே ஏற்கப்பட்டுவிட்டது. 76 மீட்டர் உயரக் கோட்டை மலைக்கு அந்தக் கணக்கு இன்னும் அவசரம். ராஜஸ்தான் அரசு செய்யக்கூடியது தெளிவாக இருக்கிறது. கோட்டைக்குள் இரவுத் தங்கல் அறைகளுக்குப் புதிய அனுமதி இல்லை என்று நிறுத்திவிட்டு, இருக்கிற விடுதிகளுக்கு ஒரு கெடு வைக்கலாம். அந்தக் குடும்பங்களுக்கே கீழ் நகரில் இடமும் குறைந்த வட்டிக் கடனும் முன்னுரிமையாகத் தந்து, கோட்டை வீட்டைக் கடையாகவோ உணவகமாகவோ நடத்த அனுமதிக்கலாம். பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை வடிகால் பராமரிப்புக்கு என்றே ஒதுக்கலாம்.

அது நடக்கும்வரை நம் கையில் இருப்பது முன்பதிவு. டூர் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. அறை கோட்டைக்கு உள்ளேயா, வெளியேயா? சாமில் தங்கல் இருந்தால் அதை எடுத்துவிட்டு அந்த இரவையும் நகரத்திலேயே வைக்க முடியுமா? மிச்சமாகும் பகலில் காதீன் வயல் ஒன்றைக் காட்ட உள்ளூர் ஆள் கிடைப்பாரா? முதல் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் முன்பணம் கட்டாமல் வேறு ஏற்பாட்டாளரிடம் போகலாம்.